பிள்ளைகளோடு ஒரு அனிமேஷன் படம்: தியேட்டரா, வீட்டு டிவியா?

அரையாண்டுப் பரீட்சை முடிந்து பள்ளி விட்ட அன்றைக்கு, புத்தகப் பையைக் கழற்றுவதற்கு முன்பே என் மகள் கேட்டாள்: "முஃபாசாவுக்கு எப்பப்பா போறோம்?" 2024 டிசம்பர் அது, 'தி லயன் கிங்' சிங்கக் கதையின் முன்கதையாக 'முஃபாசா' படம் வந்த சமயம். அவளுக்கு அப்போது ஐந்தரை வயது, அவள் அண்ணனுக்குப் பன்னிரண்டு. போனை எடுத்து டிக்கெட் பார்த்தேன். மதுரையில் மால் தியேட்டர் என்றால் தலைக்கு 190 ரூபாய் வாக்கில் வரும். நாங்கள் நான்கு பேர், அம்மாவையும் சேர்த்தால் ஐந்து. டிக்கெட் மட்டுமே 950. அதற்கு மேல் ஆன்லைன் கட்டணம், பார்க்கிங், இடைவேளையில் பாப்கார்ன். எப்படியும் 2000 ரூபாயைத் தொட்டுவிடும் என்று கணக்குப் போட்டுக்கொண்டிருக்கும்போதே மனைவி சொன்னாள்: "மூணு மாசம் பொறுத்தா டிவியிலேயே வந்துரும்ல?"

அவள் சொன்னபடியேதான் நடந்தது. டிசம்பர் 20-ஆம் தேதி தியேட்டருக்கு வந்த 'முஃபாசா', அடுத்த மார்ச் 26-ஆம் தேதி ஓடிடிக்கு வந்துவிட்டது. 2024 ஜூன் 14-இல் வந்த 'இன்சைட் அவுட் 2' செப்டம்பர் 25-இல் வந்தது. நவம்பர் கடைசியில் வந்த 'மோனா 2' அடுத்த மார்ச் 12-இல் வந்தது. டிஸ்னி படம் என்றால் மூன்று மாதத்துக்குச் சற்று மேலே காத்திருந்தால் போதும். ஒரு ஓடிடியின் மூன்று மாதச் சந்தா, ஐந்து டிக்கெட் காசைவிடக் குறைவுதான். அதில் இந்தப் படம் மட்டுமா இருக்கிறது?

பணத்தை மட்டும் பார்த்தால் வீடுதான் என்று இங்கேயே முடித்துவிடலாம். நானும் கொஞ்ச காலம் அப்படித்தான் இருந்தேன். இந்த இரண்டு வருடத்தில் சில படங்களைத் தியேட்டரிலும், சிலதை வீட்டிலும், சிலதை இரண்டு இடத்திலும் பிள்ளைகளோடு பார்த்த பிறகு என் கணக்கு மாறிவிட்டது. தியேட்டரில் படத்தை நிறுத்த முடியாது, வீட்டில் நிறுத்தலாம். எனக்குப் பெரிதாகப் படும் வித்தியாசம் அதுதான். திரை அளவு, சவுண்டு எல்லாம் அதற்கு அப்புறம்தான். நிறுத்த முடியாதது சில படங்களுக்குப் பெரிய பலம். சில படங்களை அதுவே கெடுத்துவிடும். எந்தப் படம், எந்த வயசுப் பிள்ளை என்று பார்த்துத்தான் முடிவு செய்ய வேண்டியிருக்கிறது.

'முஃபாசா'வுக்குக் கடைசியில் தியேட்டருக்கே போனோம். காலைக் காட்சி, தமிழ் டப்பிங். படத்தின் ஆரம்பத்தில் குட்டி முஃபாசா வெள்ளத்தில் அடித்துச் செல்லப்பட்டு அப்பா அம்மாவைப் பிரியும் காட்சி வரும். திரை முழுக்கத் தண்ணீர், தண்ணீர்ச் சத்தம் பின்னாலிருந்தும் வருகிறது. மகள் சீட்டிலிருந்து இறங்கி, ஒரு வார்த்தை பேசாமல் என் மடியில் ஏறி உட்கார்ந்துகொண்டாள். என் கட்டைவிரலைப் பிடித்தவள், டாக்கா என்ற இன்னொரு சிங்கக்குட்டி வந்து முஃபாசாவைக் காப்பாற்றும் வரை விடவில்லை. இதே காட்சியை மார்ச் மாதம் வீட்டில் போட்டபோது, தண்ணீர் வந்ததும் "அப்பா, நிறுத்து" என்றாள். நிறுத்தினேன். தண்ணீர் குடித்துவிட்டு வந்தாள், ஓட விட்டேன், காட்சி முடிந்தது. அன்றைக்கு மடியில் ஏறியவளுக்குக் கிடைத்தது இதில் கிடைக்கவில்லை. பயந்து, பயத்தைத் தாண்டி, அந்தப் பக்கம் போய்ச் சேர்ந்த ஒரு நிம்மதி அவள் முகத்தில் அன்றைக்குத் தெரிந்தது. கூட ஆள் இருந்தால் பயத்தைத் தாண்டலாம் என்று குழந்தைகள் கதை கேட்டுத்தானே பழகுகிறார்கள். அந்தப் படத்திலேயே புயல் மழைக்குப் பயந்து கிடக்கும் குட்டி கியாராவுக்கு, ரஃபிக்கி என்ற குரங்கு கதை சொல்லித்தான் தைரியம் கொடுக்கும்.

அன்றைக்கு அம்மாவையும் கூட்டிப் போனதுதான் நான் செய்ததிலேயே நல்ல காரியம். அம்மாவுக்கு இங்கிலீஷ் வராது, சப்டைட்டில் ஓடுகிற வேகத்துக்குப் படிக்கவும் முடியாது. டிமோன் என்ற கீரியும் பும்பா என்ற காட்டுப்பன்றியும் கதைக்கு நடுவே நடுவே புகுந்து பேசும்போதெல்லாம், சிங்கம்புலி குரலுக்கும் ரோபோ சங்கர் குரலுக்கும் அம்மா வாய்விட்டுச் சிரித்தார். அப்பத்தா சிரிக்கிறது என்று பேத்தி சிரித்தாள். அர்ஜுன் தாஸின் அந்தக் கனத்த குரல் முஃபாசாவுக்குப் பொருந்தியிருந்தது. 2019-இல் வந்த 'தி லயன் கிங்' தமிழிலும் சிங்கம்புலியும் ரோபோ சங்கரும்தான் இந்த ஜோடி. ரோபோ சங்கர் 2025 செப்டம்பரில் இறந்துவிட்டார். இப்போது வீட்டில் அந்தப் படத்தைப் போடும்போதெல்லாம் அம்மா "பாவம், நல்ல மனுசன்" என்று ஒருதரம் சொல்லாமல் இருப்பதில்லை.

டப்பிங் விஷயத்தில் ஒன்று கவனிக்க வேண்டும். தமிழ்க் காட்சிகள் முதல் வாரத்தில்தான் தாராளமாகக் கிடைக்கும். அடுத்த வெள்ளிக்கிழமை ஒரு பெரிய தமிழ்ப் படம் வந்துவிட்டால், இருக்கிற ஒன்றிரண்டு காட்சியும் காலை பத்தரை மணிக்கோ ராத்திரி பத்து மணிக்கோ தள்ளப்பட்டுவிடும். தாத்தா பாட்டியோடு போவதாக இருந்தால் முதல் சனி, ஞாயிறிலேயே போய்விடுங்கள். ஓடிடியில் இந்தத் தொல்லை இல்லை. 'முஃபாசா' அங்கேயும் தமிழில் கிடைத்தது, எப்போது வேண்டுமானாலும் போட்டுக்கொள்ளலாம்.

சரி, வீட்டில் பார்த்தது வீண்தானா என்றால் அதுவும் இல்லை. தியேட்டரில் விழுங்கிய கேள்விகள் எல்லாம் வீட்டில்தான் வெளியே வந்தன. "அண்ணன் தம்பியா இருந்தவங்க ஏம்ப்பா சண்டை போட்டாங்க?" என்று மகள் கேட்டாள். படத்தை நிறுத்திவிட்டு இருபது நிமிஷம் பேசினோம். டாக்காதான் பின்னால் 'தி லயன் கிங்' வில்லன் ஸ்கார் ஆகிறான் என்பது மகனுக்கு முதல் தடவையே புரிந்திருந்தது. தங்கைக்கு அவன்தான் விளக்கினான், பொறாமை எங்கே தொடங்கியது என்று காட்சி காட்சியாகக் காட்டினான். சின்னப் பிள்ளைகள் ஒரே படத்தைப் பத்து இருபது தடவை பார்ப்பார்கள். அடுத்து என்ன வரும் என்று தெரிந்து பார்ப்பதில் அவர்களுக்கு ஒரு தனி சந்தோஷம். அந்த வசதி தியேட்டரில் யாருக்கும் கட்டுப்படியாகாது.

'இன்சைட் அவுட் 2' விஷயம் வேறு. ஒரே படம், ஒரே நாள், பக்கத்துப் பக்கத்து சீட்டில் உட்கார்ந்த இரண்டு பிள்ளைகளுக்கு இரண்டு விதமாகப் போனது. 96 நிமிஷம்தான் படம். ஆனால் ரைலி என்ற சிறுமியின் மூளைக்குள் நடக்கிற கதை. பழைய உணர்ச்சிகளோடு பதற்றம், பொறாமை, சலிப்பு, கூச்சம் என்று புதிதாக நான்கு பேர் வந்து சேர்வார்கள். ஐந்து வயதுக்காரிக்கு "அந்த ஆரஞ்சு கலர் யாரு? அது நல்லதா கெட்டதா?" என்பதே படம் முழுக்கக் கேள்வி. நான் காதுக்குள் சொல்லச் சொல்ல, முன் வரிசையில் இருந்தவர் இரண்டு தடவை திரும்பிப் பார்த்தார். இடைவேளைக்கு அப்புறம் தூங்கிவிட்டாள்.

மகனுக்கு அப்படியில்லை. ஹாக்கி ஆட்டத்தின் நடுவில், வெளியே உட்கார வைக்கப்பட்ட ரைலிக்கு மூச்சு வாங்கும், நெஞ்சு படபடக்கும், கை நடுங்கும். திரையில் பெரிய சண்டையோ வெடியோ எதுவும் இல்லை. ஒரு சிறுமி மூச்சு விட முடியாமல் தவிக்கிறாள், அவ்வளவுதான். தியேட்டரில் ஒரு சத்தம் இல்லை. பாப்கார்ன் டப்பாவுக்குள் போன அவன் கை அப்படியே நின்றுவிட்டது. திரும்பி வரும் வழியில், பைக்கில் என் பின்னால் உட்கார்ந்துகொண்டு, "அப்பா, கணக்குப் பரீட்சை அன்னைக்கு எனக்கும் அப்படித்தான் ஆச்சு" என்றான். அதுவரை சொன்னதே இல்லை. அந்தப் படத்தை வீட்டில் பார்த்திருந்தால் அந்தக் காட்சி ஓடும்போது அவன் பாதி போனைப் பார்த்திருப்பான், பாதியில் குக்கர் விசில் அடித்திருக்கும், யாராவது காலிங்பெல் அடித்திருப்பார்கள். அவன் அப்படி வாய் திறந்திருப்பானா என்பது சந்தேகம்தான். மகள் மட்டும் இருந்திருந்தால் அந்தப் படத்துக்கு ஓடிடிதான் சரி, நிறுத்தி நிறுத்திக் கதை சொல்லியிருக்கலாம். மகன் பங்குக்கு, கொடுத்த காசு நூற்றுக்கு நூறு தகும்.

தியேட்டரில் பார்க்காமல் விட்டதற்கு நான் இன்னும் வருத்தப்படும் படம் 'தி வைல்ட் ரோபோ'. 2024 அக்டோபரில் இங்கே வந்தது. தீபாவளிச் செலவு நெருக்கும் சமயம், "ஏதோ ரோபோ படம்தானே" என்று விட்டுவிட்டேன். பிறகு வீட்டில் 43 இன்ச் டிவியில், ஒரு ஞாயிறு மத்தியானம், ஜன்னல் வெளிச்சம் திரையில் விழ விழப் பார்த்தோம். அந்தப் படத்தில் காடு, இலை, பாறை எல்லாம் தூரிகையால் வரைந்த ஓவியம்போல இருக்கும். பளபளவென்று இருக்கும் வழக்கமான கம்ப்யூட்டர் அனிமேஷன் மாதிரி இருக்காது. ரோபோ ஒரு மரத்தைத் தொட, அதை மூடியிருந்த பட்டாம்பூச்சிகள் மொத்தமாக எழும்பும் காட்சி ஒன்று உண்டு. வளர்த்த வாத்துக்குஞ்சு கூட்டத்தோடு சேர்ந்து வானத்தில் போகும் காட்சி இன்னொன்று. இருட்டுக் காட்சிகளில் எங்கள் வீட்டு நெட் வேகத்துக்கு நிழலெல்லாம் கட்டம் கட்டமாகத் தெரிந்தது. கதை பிள்ளைகளுக்குப் பிடித்தது, கடைசியில் மனைவிக்குக் கண் கலங்கியது. ஆனால் அத்தனை பேர் கைபட வரைந்த ஒரு வானத்தை ஜன்னல் வெளிச்சத்தில் பார்த்துவிட்டோமே என்று எனக்கு மனசு ஆறவில்லை.

அன்றிலிருந்து ஒரு வழக்கம் வைத்திருக்கிறேன். எந்த அனிமேஷன் படம் வந்தாலும் அதன் டிரெய்லரைச் சத்தமே இல்லாமல் ஒரு தடவை போட்டுப் பார்ப்பேன். சத்தம் இல்லாமலும் கண்ணை எடுக்க முடியவில்லை என்றால் தியேட்டர். வாய் அசைவதும் ஓடிப் பிடிப்பதும்தான் தெரிகிறது என்றால் அந்தப் படம் வசனத்திலும் நகைச்சுவையிலும் நிற்கிறது என்று அர்த்தம், அதை வீட்டிலேயே நிம்மதியாகப் பார்த்துக்கொள்ளலாம். இதுவரை இந்தச் சோதனை என்னைப் பெரிதாக ஏமாற்றவில்லை.

2025 ஜூலை 25-இல் வந்த 'மகாவதார் நரசிம்மா' மட்டும் இந்தச் சோதனைக்குள் அடங்கவில்லை. படத்தின் அனிமேஷனை ஹாலிவுட் படங்களோடு வைத்துப் பார்த்தால் முகங்களில் குறை தெரியும், நடையிலும் தெரியும். ஆனால் பிரகலாதன் கதை நம் வீடுகளில் பாட்டி சொல்லிக் கேட்ட கதை. தூணிலிருந்து நரசிம்மம் வெளிவரும்போது தியேட்டரே எழுந்துவிட்டது. அம்மா கும்பிட்ட கையை இறக்கவில்லை. எட்டு வாரத்தில், செப்டம்பர் 19-இல், அது நெட்ஃபிளிக்ஸுக்கு வந்தது. திரும்பப் போட்டுப் பார்த்தபோது அதே காட்சி, ஆனால் அந்தக் கூட்டம் இல்லை. கூட்டத்தோடு பார்க்க வேண்டிய படம் என்று ஒரு வகை இருக்கத்தான் செய்கிறது. ஆனால் ஒரு எச்சரிக்கை: அனிமேஷன் என்றாலே குழந்தைப் படம் என்று நம்பி நான்கைந்து வயதுப் பிள்ளையைக் கூட்டிப் போகாதீர்கள். இரணியனின் வதம் விலாவாரியாகவே வருகிறது. என் மகள் முகத்தை என் சட்டைக்குள் புதைத்துக்கொண்டாள், அந்த வாரம் இரண்டு ராத்திரி தூக்கத்தில் எழுந்தாள்.

இதற்குத்தான் சென்சார் சான்றிதழைப் பார்க்கச் சொல்கிறேன். 2024 கடைசியிலிருந்து யுஏ என்பதை 7+, 13+, 16+ என்று மூன்றாகப் பிரித்திருக்கிறார்கள். அந்த வயசுக்குக் கீழே இருந்தால் உள்ளே விடமாட்டோம் என்று இல்லை, பெற்றோர் யோசித்து முடிவு செய்யட்டும் என்பதற்கான குறிப்பு. டிக்கெட் போடும் பக்கத்திலேயே இருக்கும், நாம்தான் பார்க்காமல் தாண்டிவிடுகிறோம்.

3டி வேண்டுமா என்று நிறையப் பேர் கேட்கிறார்கள். கம்ப்யூட்டரில் செய்யும் அனிமேஷனில் 3டி உண்மையாகவே நன்றாக வரும். நடிகர்களை வைத்து எடுத்த படத்தைப் பெரும்பாலும் பிறகுதான் 3டியாக மாற்றுவார்கள். அனிமேஷனில் இன்னொரு கண்ணுக்கான படத்தையும் கம்ப்யூட்டரே தனியாக வரைந்து கொடுத்துவிடும், அதனால் ஆழம் இயல்பாகத் தெரியும். அப்படியும் ஏழு வயதுக்குக் கீழே இருந்தால் நான் வேண்டாம் என்றுதான் சொல்வேன். அந்தக் கண்ணாடி பெரியவர்கள் முகத்துக்குச் செய்தது. சின்ன மூக்கில் நிற்காது, படம் முழுக்கப் பிள்ளை ஒரு கையால் கண்ணாடியைப் பிடித்துக்கொண்டே உட்கார்ந்திருக்கும். ஏற்கெனவே பவர் கண்ணாடி போட்ட பிள்ளையாக இருந்தால் இன்னும் சிரமம். தவிர, அந்தக் கண்ணாடி வெளிச்சத்தில் பாதிக்கு மேல் தின்றுவிடும். வண்ணத்துக்காகத் தியேட்டருக்குப் போய்விட்டு அந்த வண்ணத்தை மங்கலாகப் பார்ப்பானேன்? 2டியே போதும். ஐமேக்ஸ் என்ற மிகப் பெரிய திரை சென்னையிலும் கோவையிலும் இருக்கிறது. எட்டு ஒன்பது வயதுக்கு மேல், சத்தத்துக்குப் பயப்படாத பிள்ளைக்கு ஒரு தடவை காட்டலாம், பின்வரிசையாகப் பார்த்து.

இரண்டுக்கும் நடுவில் ஒரு வழி உண்டு, அதை நிறையப் பேர் மறந்துவிடுகிறார்கள். மால் இல்லாத, ஒற்றைத் திரை தியேட்டர். பெரிய டிஸ்னி படங்களின் தமிழ்ப் பதிப்பு அங்கேயும் வரும். டிக்கெட் விலையும் குறைவு, கவுண்டரில் வாங்கினால் ஆன்லைன் கட்டணமும் மிச்சம். 2025 செப்டம்பர் 22-லிருந்து 100 ரூபாய் வரையுள்ள டிக்கெட்டுக்கு ஜிஎஸ்டி 12 சதவீதத்திலிருந்து 5 ஆகக் குறைந்திருக்கிறது. அதற்கு மேல் போனால் 18 அப்படியே இருக்கிறது. ஐந்து பேர் 600, 700 ரூபாயில் முடித்துவிட்டு வரலாம். ஏசியும் சவுண்டும் ஊருக்கு ஊர் மாறும், அதனால் முதலில் பெரியவர்கள் வேறு ஏதாவது படத்துக்குப் போய்ப் பார்த்துவிட்டு வந்து சொல்வது நல்லது.

தியேட்டர்தான் என்று முடிவு செய்துவிட்டால் சில சின்ன விஷயங்கள் பெரிய உதவி. சின்னப் பிள்ளை என்றால் காலைக் காட்சி, அதன் தூக்க நேரத்தோடு மோதாமல். ஓரத்து சீட், பாத்ரூமுக்கு ஓட வசதியாக. போட்டிருக்கும் நேரத்துக்குப் பத்து நிமிஷம் கழித்து உள்ளே போனால் போதும். விளம்பரமும் டிரெய்லரும்தான் படத்தைவிடச் சத்தமாக இருக்கும், பிள்ளைகள் அங்கேயே மிரண்டுவிடும். நம் ஊரில் இங்கிலீஷ் படத்துக்கும் இடைவேளை விடுகிறார்கள், அது பிள்ளைகளுக்கு வரப்பிரசாதம். பெரும்பாலான மால் தியேட்டர்களில் மூன்று வயதிலிருந்து முழு டிக்கெட். அதற்குக் கீழே இலவசம்தான், ஆனாலும் அந்த வயசுக் குழந்தையை அந்தச் சத்தத்துக்குள் கூட்டிப் போகாதீர்கள் என்றே கேட்டுக்கொள்கிறேன்.

வீடுதான் என்று முடிவு செய்தால் அதையும் ஒரு ஷோவாகவே நடத்துங்கள். நாங்கள் இப்போது இருட்டிய பிறகு ஆறரை, ஏழு மணிக்குத்தான் தொடங்குகிறோம். டியூப்லைட்டை அணைத்துவிட்டு, எல்லார் போனையும் சமையலறை அலமாரியில் வைத்துவிட்டு, சோளத்தைக் குக்கரில் பொரித்து ஒரு பெரிய சட்டியில் போட்டுக்கொண்டு உட்காருவோம். தெருவில் இருக்கும் நான்கைந்து பிள்ளைகளையும் கூப்பிட்டுக்கொள்வோம். ஒரு பிள்ளை சிரித்தால் எல்லாப் பிள்ளையும் சிரிக்கும், அதில் தியேட்டர் பாதி வந்துவிடும். முதல் தடவை மட்டும் நடுவில் நிறுத்துவதில்லை என்று ஒரு விதி. கேள்வியெல்லாம் இரண்டாம் தடவைக்கு.

வீட்டில் ஏற்கெனவே பார்த்துவிட்டோமே, இனி தியேட்டர் எதற்கு என்று நினைப்பவர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். 2025 ஜூனில் 'கே-பாப் டீமன் ஹன்டர்ஸ்' என்ற அனிமேஷன் படம் நேராக நெட்ஃபிளிக்ஸில்தான் வந்தது. உலகம் முழுக்கப் பிள்ளைகள் அதை வீட்டில் திரும்பத் திரும்பப் பார்த்துப் பாட்டெல்லாம் மனப்பாடம் செய்துவிட்டார்கள். ஆகஸ்டில் இரண்டே நாள், கூடவே பாடும் காட்சியாக அமெரிக்கத் தியேட்டர்களில் போட்டபோது, அத்தனை தடவை பார்த்த அதே பிள்ளைகள் உடையெல்லாம் போட்டுக்கொண்டு வந்து நிறைந்தார்கள். என் மகளும் அந்தப் பாட்டைக் குளியலறையில் பாடுகிறாள், வார்த்தை பாதி தப்புதான். மதுரையில் அப்படி ஒரு காட்சி என்றைக்காவது போட்டால், டிக்கெட் என்ன விலை என்று இந்தத் தடவை நான் முதலில் பார்க்கப் போவதில்லை.